மலைநாட்டுப் பழைய கெப்புக்கு எந்த ஒயில், எத்தனை நாளைக்கு ஒருமுறை?

5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்று என்பது சமதரைக்குப் போட்ட கணக்கு. மரக்கறி மூட்டையோடு இரண்டாம் கியரில் றம்பொடை ஏறும் எஞ்சின், நாலாம் கியரில் ஓடுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சுற்றித்தான் ஒரு கிலோமீற்றரைக் கடக்கிறது. மீற்றரில் 5,000 விழும்போது ஒயில் அதைவிட எவ்வளவோ கூட உழைத்திருக்கும். அதனால் இங்கே 4,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். தோட்டத்துக்குள்ளேயே கொழுந்து ஏற்றி, இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடி நிற்கும் வண்டியென்றால் 3,000 போதும். எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் நிறுத்தினால் உள்ளே சேரும் ஈரமும் எரியாத டீசலும் ஒயிலிலேயே தங்கிவிடும்.

ஹைலக்ஸின் 2எல், 3எல், மிட்சுபிஷியின் 4டி56, நிசானின் டிடி27 எல்லாம் கரி அதிகம் கக்கும் பழைய டீசல் எஞ்சின்கள். இவற்றுக்கு 15டபிள்யூ-40 (15W-40) மினரல் ஒயில் சரி. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஒயிலின் தடிப்பு, பின்னால் உள்ளது சூட்டில் அதன் தடிப்பு. கேனின் பின்பக்கம் ஏபிஐ (API) தரக் குறி சிஎச்-4 (CH-4) அல்லது சிஐ-4 (CI-4) என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தர ஒயில் கரியைக் கட்டிபட விடாது. டீசலின் கந்தகத்தால் வரும் அமிலத்தையும் முறிக்கும். எஸ் என்ற எழுத்தில் தொடங்கும் தரம் மட்டும் இருந்தால் அது பெற்றோல் எஞ்சினுக்குரியது, வாங்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்தாலும் 15டபிள்யூ தாராளமாக ஓடும். 5டபிள்யூ சிந்தெற்றிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு ஒயில் பில்டர் வாங்குவது புத்தி.

“பழைய எஞ்சின்தானே, 20டபிள்யூ-50 ஊத்துங்க” என்று சொல்லாத பாஸ் இல்லை. அவசரப்பட வேண்டாம். தடித்த ஒயில் குளிர்ந்த காலையில் மேலே உள்ள வால்வுப் பகுதி வரை போய்ச் சேர நேரமெடுக்கும், தேய்மானம் அதிகமாவதும் அந்த நேரத்தில்தான். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்கு மேல் குறைந்து, நீலப்புகையும் வந்தால், எஞ்சின் பிரித்து வேலை செய்யும் வரை தாக்குப்பிடிக்க அதை ஊற்றலாம். அதுவே மருந்தாகிவிடாது.

அளவு பார்ப்பதில்தான் மலையில் தப்பு நடக்கிறது. லயத்துப் பாதையில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திய வண்டியின் ஒயில் கம்பி பொய் சொல்லும். கோயில் முற்றமோ பெற்றோல் ஷெட்டோ, சமதரை கிடைக்கும் இடத்தில் நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பாருங்கள். கம்பியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாமல் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் இன்ஜெக்டரையோ பம்பையோ பார்க்க வேண்டும்.

ஒயில் ஊற்றும் மூடியின் உட்புறம் பால்தேத்தண்ணி நிறத்தில் பசை படிந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், குளிரில் அது வெறும் ஈரமாகவும் இருக்கலாம். வண்டியை நன்றாகச் சூடேற ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கம்பியிலும் அதே நிறம், றேடியேற்றர் தண்ணியும் குறைகிறது என்றால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டே வெடித்திருக்கலாம். அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

மாற்றும்போது எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் நட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விடுங்கள். வொஷர் புதிதாக இருக்கட்டும். பழைய பில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன்மேல் புதியதைப் பூட்டினால் ஒயில் எல்லாம் ரோட்டில்தான். புதிய வளையத்தில் ஒயில் தடவி, அது தொட்டபின் கையாலேயே முக்கால் சுற்று இறுக்குங்கள், ஸ்பனர் வேண்டாம். புத்தகத்தில் சொன்ன அளவுக்கு அரை லீற்றர் குறைவாக ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துக் கம்பியைப் பார்த்து மிச்சத்தை ஊற்றுங்கள்.

கழிவு ஒயிலை ஓடைக்கோ கானுக்கோ விடாதீர்கள். மகாவலியும் களனியும் பிறப்பது இந்த மலைகளில்தான். கீழே உள்ள லயத்துப் பிள்ளைகள் குடிப்பதும் அந்தத் தண்ணியைத்தான். கேனில் அடைத்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.

ஒயிலுக்கு அடுத்தது றேடியேற்றர் மூடி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணி 94 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தத்துக்குரிய நல்ல மூடி அதைச் சுமார் 115 பாகை வரை கொதிக்காமல் பிடித்து வைக்கும். ரப்பர் வெடித்த, ஸ்பிரிங் தளர்ந்த மூடியோடு ஏற்றம் ஏறினால் கொதித்துத் தள்ளும், 4டி56இன் ஹெட் வெடிக்கும். மூடியின் விலையையும் ஹெட்டின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூட்டில் மட்டும் திறக்காதீர்கள்.

ஹைலக்ஸின் 2எல், 3எல், மிட்சுபிஷியின் 4டி56 மூன்றிலும் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் பெல்ற் உண்டு. 4டி56இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பெல்ற்றும் சேர்ந்தே இருக்கிறது. அது அறுந்து மற்றதில் சிக்கினால் வால்வுகள் வளையும். இரண்டையும் ஒன்றாக, 90,000 கிலோமீற்றருக்குள் மாற்றுங்கள். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டியை வாங்கினால் முதல் வேலை இதுதான். டிடி27இல் பெல்ற்றுக்குப் பதில் கியர், அந்தக் கவலை இல்லை.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் பெடல் அடிவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை டீசல் பில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, சுத்த டீசல் வரும்வரை தண்ணியை விட்டுவிடுங்கள்.

பசளை மூட்டை ஏற்றிய அன்று மாலையே பின்தட்டைக் கழுவுங்கள். சிந்திய பசளை ஈரம் பட்டால் தகரத்தைத் தின்னும். தட்டின் மூலைகளில் உள்ள தண்ணி வழியும் ஓட்டைகள் மண்ணில் அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அடியில் சேசிஸும் தட்டும் பொருந்தும் இடத்தில் தண்ணியைப் பீச்சிக் கழுவி, காய்ந்தபின் கிறீஸ் பூசுங்கள்.