பழைய புரொஜக்டர்ல சவுண்டு வேலை: லென்ஸ் ட்யூபைத் தொடுறதுக்கு முன்னாடி படிங்க

போன மாசம் ஒரு தம்பி போன் பண்ணினாப்ல. 35 எம்எம் பிலிம் புரொஜக்டர் மெஷின் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, அதோட சவுண்டு பகுதியைப் புதுப்பிச்சுக்கிட்டு இருக்காப்ல. "அண்ணே, ஆம்ப்ளிஃபயர்ல கண்டென்சர் பூரா மாத்திட்டேன், வால்வும் புதுசு, அப்படியும் எல்லாரும் போர்வையைப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரியே இருக்கு"ன்னாப்ல. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "லென்ஸ் ட்யூபைக் கழட்டினியா?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம் மெதுவா, "தொடைக்கத்தான்ணே கழட்டினேன்". எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. இதே வேலையை இதே காரணத்துக்காக நானும் பண்ணியிருக்கேன்.

கரண்டை ஆஃப் பண்ணுங்க, வால்வ் ஆம்ப்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்டென்சரை டிஸ்சார்ஜ் பண்ணுங்க, இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரியணும்னா தயவுசெஞ்சு மெஷினைத் திறக்காதீங்க. கொஞ்சம் வேலை தெரிஞ்சவங்களே வழுக்கி விழுற இடங்களை மட்டும் இங்க சொல்றேன்.

சவுண்டு லென்ஸைக் கழட்டித் தொடைக்கிறது

சவுண்டைப் படிக்கிறதுக்குன்னே இருக்குற எக்ஸைட்டர் லேம்புக்கும் பிலிமுக்கும் நடுவுல ஒரு சின்னப் பித்தளை ட்யூப் இருக்கும். அதுக்குள்ள ஒரு ஸ்லிட் (மெல்லிய பிளவு), ரெண்டு மூணு லென்ஸ். லேம்பு வெளிச்சத்தை முடி மாதிரி ஒரு மெல்லிய கோடாக்கி பிலிம்ல இருக்குற சவுண்டு டிராக் மேல விழ வைக்குறதுதான் அதோட வேலை. பிலிம் ஓட ஓட அந்தக் கோடு டிராக்கைப் படிக்கும், பின்னாடி இருக்குற செல் அந்த வெளிச்ச ஏத்த இறக்கத்தைக் கரண்டா மாத்தும். இவ்வளவுதான் கதை. ஆனா அந்தக் கோடு எவ்வளவு நேரா, எவ்வளவு கூர்மையா விழுதுங்கிறதுலதான் மொத்த சத்தமும் இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 35 எம்எம் பிலிம் நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 18 இஞ்ச், 457 மில்லிமீட்டர் ஓடுது. 9000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட ஒரு அலை பிலிம்ல பிடிக்கிற இடம் வெறும் 0.05 மில்லிமீட்டர். கோட்டோட நீளம் ரெண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. அந்தக் கோடு ஒரே ஒரு டிகிரி சாஞ்சா, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் 0.037 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துடும், கிட்டத்தட்ட முக்கால் அலை. அப்புறம் 'ஸ', 'ச' எல்லாம் எங்க கேக்கும்? ஒரு டிகிரிங்கிறது கண்ணால பாத்தா தெரியவே தெரியாது, ட்யூபைப் பிடிச்சிருக்குற ஸ்க்ரூவை இறுக்கும்போதே அது திரும்பிடும்.

நான் என்ன பண்ணினேன்னா, ட்யூப் மேல பழைய எண்ணெய் காஞ்சு பிசுபிசுன்னு இருந்துச்சு, சரி நல்லா சுத்தம் பண்ணிடுவோம்னு ஸ்க்ரூவைத் தளர்த்தி உருவி எடுத்தேன். அடையாளம் போடல. அது பத்தாதுன்னு உள்ள இருக்குற லென்ஸையும் திருகிக் கழட்டித் தொடச்சு, வரிசை சரியா இருக்குங்கிற நம்பிக்கையில திருப்பி மாட்டினேன். மெஷினை ஓட்டினா சத்தம் வந்துச்சு, ஆனா மந்தமா வந்துச்சு. இந்த இடத்துலயே நிறுத்தியிருக்கணும். நிறுத்தலையே! ஆம்ப் பழசு, அதான்னு கப்ளிங் கண்டென்சர் எல்லாத்தையும் மாத்தினேன். மாறல. வால்வ் மாத்தினேன். மாறல. கடைசியா ஒரு ஈக்வலைசரைச் சேர்த்து ட்ரெபிளை, அதாவது கீச்சுச் சத்தப் பகுதியை, முழுசா ஏத்தி விட்டேன், கொஞ்சம் தெளிவானாப்ல இருந்துச்சு, கூடவே பிலிம் இரைச்சலும் 'உஷ்'ஷுன்னு ஏறிடுச்சு. ஒரு நாள் ரீல்ல ஒட்டு ஒண்ணு டமார்னு கடந்து போச்சு, அதோட ஸ்பீக்கர்ல ஹார்ன் டிரைவரோட டயாஃப்ரம் கிழிஞ்சது. மூணு மாசம், ஒரு டிரைவர், ஒரு செட் வால்வ். எல்லாம் அந்தப் பித்தளை ட்யூப் திரும்பி இருந்ததுக்குக் கொடுத்த விலை. இப்ப நினைச்சாலும் பத்திக்கிட்டு வருது.

சரியான வழி இதுதான். முதல்ல ட்யூபைக் கழட்டாமலே வெளிய தெரியுற ரெண்டு முகப்புக் கண்ணாடியையும் லென்ஸ் பேப்பர்ல தொடைங்க, நூத்துக்குத் தொண்ணூறு மெஷினுக்கு அதுவே போதும், செல் மேல படிஞ்சிருக்குற எண்ணெயையும் மறக்காமத் தொடைங்க. ட்யூபை வெளிய எடுத்தே ஆகணும்னா, எடுக்குறதுக்கு முன்னாடி ட்யூப்லயும் ஹோல்டர்லயும் சேர்ந்த மாதிரி ஊசியால ஒரு கோடு கீறுங்க, எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு வெர்னியர்ல அளந்து எழுதி வைங்க. உள் லென்ஸைக் கழட்டவே கூடாது. உள்ள எண்ணெய் இறங்கிடுச்சுன்னா நல்ல நிலைமையில இருக்குற வேற ட்யூபைத் தேடுறதுதான் லாபம்.

திருப்பி மாட்டினதும் காதை நம்பாதீங்க. 7000 இல்லைன்னா 9000 ஹெர்ட்ஸ் டெஸ்ட் பிலிம் லூப் ஒண்ணு வேணும், ஆம்ப் அவுட்புட்ல ஒரு மீட்டர் வேணும். ட்யூபை முன்ன பின்ன நகர்த்தி மீட்டர் உச்சத்துக்கு வர்ற இடத்தைப் பிடிங்க, அது ஃபோகஸ். அப்புறம் ட்யூபை நூல் அளவு திருப்பி மறுபடி உச்சத்தைப் பிடிங்க, அது அசிமத், அதாவது கோட்டோட சாய்வு. இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, சரியான உச்சத்துக்கு ரெண்டு பக்கமும் குட்டி உச்சம் வரும். முதல்ல கிடைச்சதுல நிறுத்திட்டா பொய்யான இடத்துல மாட்டிக்குவீங்க, அதனால ரெண்டு பக்கமும் தாண்டிப் போய்ப் பார்த்துட்டு உசந்ததுக்குத் திரும்பி வாங்க. ஃபோகஸ், அசிமத், திரும்ப ஃபோகஸ், திரும்ப அசிமத். ஸ்க்ரூவை இறுக்கினதுக்கு அப்புறமும் ஒரு தடவை மீட்டரைப் பாருங்க.

16 எம்எம்ல இன்னும் பாடு. பிலிம் நொடிக்கு 183 மில்லிமீட்டர்தான் ஓடுது, அலையெல்லாம் இன்னும் நெருக்கமா இருக்கும். அதுபோக எமல்ஷன், அதாவது படமும் சவுண்டும் பதிஞ்சிருக்குற பூச்சு, பிரின்ட்டுக்குப் பிரின்ட் இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு மாறும், அதுக்காகவே சில மெஷின்ல சவுண்டு ஃபோகஸ் லீவர் வச்சிருப்பாங்க. அதை ஏதோ வேண்டாத லீவர்னு கழட்டி வீசினவங்களையும் பார்த்திருக்கேன்.

96-ஐ 100-னு நினைச்சு ஆம்ப்பைப் பிரிக்கிறது

'ம்ம்ம்'னு ஹம் வந்தா எல்லாரும் நேரா பவர் சப்ளை கண்டென்சர் மேல பாய்வாங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ரெக்டிஃபயர் ரிப்பிள் (ஏசியை டிசியாக்கும்போது மிஞ்சுற அதிர்வு) 100 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ் கரண்ட்ல 120. ஆனா 35 எம்எம் பிலிம்ல ஃப்ரேமுக்கு 4 ஓட்டை, நொடிக்கு 24 ஃப்ரேம், ஆக 96 ஓட்டை. வெளிச்சக் கோடு கொஞ்சம் ஓரமா நகர்ந்து ஓட்டைகளைப் படிச்சா 96 ஹெர்ட்ஸ் ஹம் வரும். காதுக்கு 96-ம் 100-ம் அண்ணன் தம்பி மாதிரி.

எக்ஸைட்டரை எரிய விட்டுட்டு மோட்டாரை மட்டும் நிறுத்துங்க. ஹம் அப்படியே இருந்தா சப்ளை, இல்ல எக்ஸைட்டருக்குப் போற டிசி சுத்தமா இல்ல. நின்னுபோச்சுன்னா பிலிம் பாதை, பக்கவாட்டு கைடு ரோலரைப் பாருங்க. பஸ் டிராக் டெஸ்ட் பிலிம் இருந்தா வேலை சுலபம், ஒரு பக்கம் 300 ஹெர்ட்ஸ், மறுபக்கம் 1000 ஹெர்ட்ஸ், நடுவுல நிசப்தம். எந்த டோனும் கேக்காத இடத்துல நிறுத்தணும். ஆனா பழைய பிரின்ட் சுருங்கியிருக்கும், அதனால டெஸ்ட் பிலிமுக்கு சரியா வந்ததும் ரெண்டு மூணு பழைய பிரின்ட்டையும் ஓட்டிப் பாருங்க.

போட்டோசெல்லைப் பிடுங்கிட்டு அதே ஒயர்ல சோலார் செல்

பழைய போட்டோசெல் ஒரு வால்வ் மாதிரி, அதுக்கு வழக்கமா 90 வோல்ட் கிட்ட கொடுக்கணும். சோலார் செல்லுக்கு வெளிய இருந்து ஒரு வோல்ட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டா அதுவே கரண்ட் தரும். பழைய ஒயர்லயே மாட்டினா 90 வோல்ட் நேரா செல்லுக்குள்ள இறங்கும், செல் அம்பேல்.

வோல்ட்டைத் துண்டிச்சுட்டா மட்டும் முடிஞ்சுடாது. பழைய இன்புட் மெகாஓம் கணக்குல இருக்கும். அவ்வளவு பெரிய லோடுல சோலார் செல் வெளிச்சத்துக்கு நேர் விகிதத்துல வேலை செய்யாது, சத்தம் நசுங்கும், செல்லோட கெப்பாசிட்டன்ஸ் ட்ரெபிளையும் தின்னுடும். குறைஞ்ச லோடு கொடுக்குற சின்ன ப்ரீ-ஆம்ப் ஒண்ணை செல்லுக்குப் பக்கத்துலயே வைங்க, கரண்ட்டை வோல்ட்டா மாத்துற ஆப்-ஆம்ப் சர்க்யூட் தாராளமா போதும். ஓடுதான்னு பாக்க பிலிமே வேண்டாம், வெளிச்சத்துக்குக் குறுக்க ஒரு அட்டையை ஆட்டுங்க, ஸ்பீக்கர்ல 'தப் தப்'னு வந்தா உயிர் இருக்கு.

சிவப்பு எல்இடி போட்டா எல்லாம் தீரும்னு நம்புறது

சிவப்பு வெளிச்சம் வந்ததே, சவுண்டு டிராக்கை வெள்ளி இல்லாம சயான் (நீலப் பச்சை) சாயத்துலயே போட்ட சயான் டிராக் பிரின்ட்டுக்காக. அந்தச் சயான் சாயம் இன்ஃப்ராரெட்டை அப்படியே கடத்தி விட்டுடும், சோலார் செல்லோ இன்ஃப்ராரெட்டைத்தான் நல்லாப் பாக்கும், அதனால பழைய எக்ஸைட்டர் லேம்புல ஓட்டினா சத்தம் சன்னமா, இரைச்சலா வரும். சிவப்பு எல்இடி இதைத் தீர்த்து வைக்கும். உங்ககிட்ட இருக்குறது பூரா பழைய வெள்ளி டிராக் பிரின்ட்னா சிவப்புல நல்லாவே ஓடும், ஆனா பழைய லேம்புலயும் அதே அளவு நல்லா ஓடும். மாத்தணும்னு கட்டாயம் இல்ல. மாத்தினா ஃபோகஸ், அசிமத், லெவல் மூணும் முதல்லேர்ந்து. ரெண்டு மெஷின் வச்சு ரீல் மாத்தி ஓட்டுறவங்க ஒண்ணுக்கு மட்டும் எல்இடி போட்டுட்டு, ரீல் மாறும்போது சத்தம் குதிக்குதுன்னு புலம்பாதீங்க.

ஃப்ளைவீலைச் சுத்தியலால தட்டி எடுக்குறது

ஃப்ளைவீல்ங்கிறது பிலிமை சவுண்டு படிக்கிற இடத்துல ஒரே வேகத்துல ஓட வைக்குற கனமான சக்கரம். அதோட ஷாஃப்ட் நூல் அளவு வளைஞ்சா போதும், பாட்டு பூரா அலை அடிக்கும். சக்கரத்தை இழுத்து எடுக்குற புல்லர் போடுங்க. ஃப்ளைவீலுக்குள்ள எண்ணெய் இருக்குற ரகமும் உண்டு, மூடியைத் திறக்கவே திறக்காதீங்க.

லூப் அளவு

படம் தெரியுற இடத்துக்கும் சவுண்டு படிக்கிற இடத்துக்கும் நடுவுல பிலிம் 35-ல 21 ஃப்ரேம், 16-ல 26 இருக்கணும். பேச்சு வாயோட ஒட்டலைன்னா ஆம்ப்பைத் திட்டாதீங்க, எண்ணுங்க.

பழைய ஸ்பீக்கரைத் தூக்கிட்டு புதுசு வைக்கிறது

ரொம்பப் பழைய செட்ல ஸ்பீக்கருக்குக் காந்தம் கிடையாது, கரண்ட் கொடுத்தா காந்தமாகுற ஃபீல்டு காயில்தான். அந்தக் காயில் பல ஆம்ப்ல பவர் சப்ளையோட சோக்காவும் (ரிப்பிளை வடிகட்டுற காயிலாவும்) வேலை பாக்கும். ஸ்பீக்கரை எடுத்துட்டா சப்ளை அறுந்துபோகும். சரி, ஷார்ட் பண்ணிடுவோம்னு ஒயரைச் சேர்த்தா ஹம் ஏறும், வோல்ட்டும் ஏறும், புதுசா மாட்டின கண்டென்சர் வெடிக்கும். அந்தக் காயிலோட ரெசிஸ்டன்ஸுக்கும் கரண்டுக்கும் பொருந்துற சோக்கும் ரெசிஸ்டரும் போட்டுட்டுத்தான் புது ஸ்பீக்கர்.

புது ஆம்ப்ல பழைய படம்

1930-கள்லேர்ந்து 70-கள் வரைக்கும் வந்த மோனோ படங்களோட சவுண்டு, தியேட்டர்ல ட்ரெபிள் நல்லாவே சரியும்னு கணக்குப் பண்ணித்தான் மிக்ஸ் பண்ணியிருப்பாங்க. அகாடமி கர்வ்னு அதுக்குப் பேரு. நீங்க பளிச்சுன்னு ஒரு புது ஆம்ப்பை ஃப்ளாட்டா (ட்ரெபிளைக் குறைக்காம) வச்சு அந்தப் படத்தை ஓட்டினா காதைக் கிழிக்கும், இரைச்சல் வேற. அப்ப பிரின்ட் சரியில்லைன்னு ஒதுக்கி வைப்பாங்க, பாவம் பிரின்ட். என் மெஷின்ல ஒரு சுவிட்சு வச்சு ஒரு பக்கம் அகாடமி ஃபில்டர், மறுபக்கம் பிந்தைய படங்களுக்கான எக்ஸ் கர்வ்னு பிரிச்சுட்டேன். ஆனா ஒண்ணு, லென்ஸ் சரி பண்ணாம இந்த சுவிட்சைப் போட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்கும்.

போட்டோசெல் கேபிளை நீட்டுறது

நீட்டாதீங்க. பழைய போட்டோசெல்லுக்கு ஒவ்வொரு அடி ஷீல்டு ஒயரும் ட்ரெபிளை முழுங்கும். ஆம்ப் தூரமா இருந்தா ப்ரீ-ஆம்ப்பை மெஷின் பக்கத்துக்குக் கொண்டு வாங்க.

அந்தத் தம்பி அடையாளம் எதுவும் போட்டு வைக்கல. டெஸ்ட் பிலிம் லூப் ஒண்ணு என்கிட்ட இருந்துச்சு, அனுப்பி வச்சிருக்கேன்.