மருத்துவர் அறைக்குள் போகும் முன்

மார்பகப் புற்றுநோய் என்றதும் "டாக்டர் சொல்கிறபடி செய்" என்பார்கள் உறவினர்கள். எனக்கு அது போதவில்லை. முதலில் திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலை வாங்குங்கள். கட்டியின் அளவு, கட்டியை ஹார்மோன் வளர்க்கிறதா என்று காட்டும் ஹார்மோன் ஏற்பிகள், புற்றணுக்களை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் ஆகியவற்றை மருத்துவர் அதில் விரல் வைத்துக் காட்டி விளக்கட்டும். சிகிச்சை பெரும்பாலும் இவற்றை ஒட்டியே அமையும்.

பிறகு உங்கள் பிழைப்பைச் சொல்லுங்கள். நான் சிங்கப்பூரின் தேக்காவில் பூக்கட்டுகிறவள். வலக்கைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதைச் சொன்ன பிறகே, அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தால் கை வீங்கக்கூடும் என்ற பேச்சு விரிவாக வந்தது. ஓரிரு கணுக்களை மட்டும் முதலில் எடுத்து, புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டேன். என் நிலைக்கு அது பொருந்தும் என்றார் மருத்துவர்.

தொடக்க நிலையில், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் மார்பகத்தை முழுதாக அகற்றினாலும் ஆயுளில் வேறுபாடில்லை என்று 2002-இல் வெளிவந்த 20 ஆண்டு ஆய்வு முடிவுகள் காட்டின. ஆகவே உங்கள் விருப்பத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். கதிர்வீச்சுக்கு வழக்கமாக வார நாள்களில் தினமும் போக வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மெடிசேவ் என்ற நம் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எவ்வளவு, கைக்காசு எவ்வளவு என்பதை மருத்துவ சமூக ஊழியரிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், கெட்ட செய்தியை மென்று விழுங்கிவிடுவான். எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டுக்கொண்டு எழுந்திருங்கள்.