சுவிட்சைப் போடுவதற்கு முன்னால்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்ததும் பிளக்கைச் சொருகி, உயிர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். கொடுத்தவரும் "கடைசியா போட்டப்போ நல்லா ஓடுச்சு" என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் 'கடைசி' நடந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். அதற்குள் பேட்டரி ஒழுகியிருக்கலாம், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர் வறண்டிருக்கலாம், பவர் சப்ளை 5 வோல்ட்டுக்குப் பதிலாக 8 வோல்ட் தள்ளலாம். என்னிடம் ரிப்பேருக்கு வந்த மெஷின்களில் பல, மூலையில் கிடந்த காலமெல்லாம் நன்றாகவே இருந்திருக்கின்றன. தூசி தட்டிய கையோடு யாரோ சுவிட்சைப் போட்டபோதுதான் செத்திருக்கின்றன.

அதனால் எனக்கு இரண்டே சட்டம். திறந்து பார்க்கும்வரை மின்சாரம் கிடையாது. பவர் சப்ளையைத் தனியாக அளக்கும்வரை போர்டுக்கு, அதாவது ஐசிகள் (சிப்கள்) உட்கார்ந்திருக்கும் பலகைக்கு, மின்சாரம் கிடையாது. கீழே வருவதெல்லாம் இந்த இரண்டின் விரிவுரைதான்.

திறக்கும்போது ஒவ்வொரு கேபிளையும் கழற்றுவதற்கு முன் போட்டோ எடுங்கள். ரிப்பன் கேபிளில் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது போட்டோவில் தெரிய வேண்டும். அந்தப் பக்கம்தான் கனெக்டரின் 1ஆவது கால் (பின்). பழைய பிளாஸ்டிக் நொறுங்கும். கொக்கிகளை நெம்பாமல் மெதுவாக அழுத்தி விடுவியுங்கள். இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற 80களின் வீட்டுக் கம்ப்யூட்டரில் கீபோர்டிலிருந்து வரும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் காய்ந்து போயிருக்கும், நேராக மேலே இழுத்தால் மட்டுமே பிழைக்கும். திறந்தவுடன் முகர்ந்தும் பாருங்கள். மீன் நாற்றம் அடித்தால் உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒழுகியிருக்கிறது. பாதித்த இடத்தில் சால்டரிங் அயர்ன் வைத்தால் அந்த நாற்றம் பல மடங்காகும்.

படக்குழாய் உள்ளே இருக்கும் மெஷின் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, குழாயில் தேங்கிய மின்சாரத்தை இறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது தொடருங்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும்.

பேட்டரி

286, 386 ப்ராசஸர் உள்ள பழைய பிசி போர்டுகளிலும், 1991இல் வந்த அமிகா 500 ப்ளஸ்ஸிலும் ஒரு சின்ன பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்திருப்பார்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் முதல் வேலையாக அதை வெட்டி எடுங்கள். இன்று ஒழுகவில்லை என்றால் அடுத்த வருஷம் ஒழுகும்.

ஒழுகியிருந்தால் சுற்றிலும் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அந்தத் திரவம் காரம், அதனால் வெள்ளை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒற்ற வேண்டும், மெலிதாக நுரைக்கும். நுரை நின்றதும் காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முழுசாகக் காயவிடுங்கள். இதோடு முடிந்தது என்று பலரும் மூடிவிடுகிறார்கள். களிம்பு பச்சைப் பூச்சுக்கு அடியிலும் ஊர்ந்து போகும். போர்டை விளக்கில் சாய்த்துப் பிடித்தால் நல்ல ட்ராக் (போர்டில் ஓடும் செம்புக் கோடு) பளிச்சென்ற பச்சையாகவும், அரிபட்டது கறுத்தும் தெரியும். கறுத்த இடத்தை ஃபைபர்கிளாஸ் பேனாவால் சுரண்டி, செம்பு மின்னும்வரை போக வேண்டும். சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் வைத்து சால்டர் தொட்டதும் பரவினால் செம்பு சுத்தம். உருண்டையாகத் திரண்டு ஓடினால் இன்னும் அழுக்கு இருக்கிறது, மறுபடி சுரண்டுங்கள். பிறகு ஒவ்வொரு ட்ராக்கையும் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் வைத்து பீப் வருகிறதா என்று பாருங்கள். போர்டின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் இணைக்கும் பொடித் துளைகள்தான் முதலில் அறுந்து போகும், அவற்றை விட்டுவிடாதீர்கள்.

மெக்கின்டாஷ் எஸ்இ/30 போன்றவற்றில் இருப்பது வேறு ஜாதி: ஏஏ செல்லில் பாதி நீளமுள்ள 3.6 வோல்ட் லித்தியம். இது ஒழுகுவதோடு நிற்காமல் வெடித்து, தகரப் பெட்டியையே தின்றுவிடும். இதன் திரவம் அமிலம். இங்கே வினிகர் வேலைக்கு ஆகாது, சமையல் சோடா கரைத்த தண்ணீர்தான். எது எங்கே என்று குழம்பிக்கொள்ள வேண்டாம்.

வெட்டிய பேட்டரிக்குப் பதிலாக 2032 வட்ட செல் வைக்க நினைத்தால் நடுவில், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று கட்டாயம் வேண்டும். பழைய போர்டு அந்த இடத்தை சார்ஜ் செய்யப் பார்க்கும். வட்ட செல் சார்ஜ் ஏற்றுவதற்கானது இல்லை.

பவர் சப்ளை

ஸ்விட்சிங் வகை சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட் லைனில் ஓடியிருந்தால் 325 வோல்ட் வரை பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிக் காத்திருந்து, மீட்டரில் அளந்து, பூஜ்யத்துக்கு வந்துவிட்டது என்று உறுதியான பிறகே கை வைக்க வேண்டும். இது பழக்கமில்லாதவர்கள் சப்ளையைத் திறக்காமல், புதிதாகச் செய்த மாற்று சப்ளையை வாங்கிக்கொள்வதே நல்லது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

திறப்பவர்கள் முதலில் தேட வேண்டியது, மெயின்ஸ் (வீட்டு மின்சாரம்) நுழையும் இடத்தில் தேன் நிறத்தில் கண்ணாடி போலத் தெரியும் சதுரக் கட்டி. ரீஃபா என்று எழுதியிருக்கும். 1981இல் வந்த பிபிசி மைக்ரோவின் சப்ளையில் இது பிரசித்தம். உற்றுப் பார்த்தால் மேல்பரப்பு வறண்ட குளத்து மண் போல வெடித்திருக்கும். உள்ளே இருப்பது காகிதம். அந்த வெடிப்பு வழியாக ஈரம் ஏறியிருக்கும். சுவிட்ச் போட்ட சில நிமிஷத்தில் டப்பென்று வெடித்து அறை முழுக்கப் புகை. வேடிக்கை என்னவென்றால், இது போனாலும் மெஷின் பாட்டுக்கு ஓடும், ஏனென்றால் இதன் வேலை மின் இரைச்சலை வடிகட்டுவது மட்டுமே. மாற்றும்போது அதே மதிப்பில், எக்ஸ்2 வகை என்று முத்திரை உள்ள பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டரை மட்டும் போடுங்கள். கையில் கிடைத்த சாதாரணமானதை மெயின்ஸ் குறுக்கே போடக் கூடாது.

1982இல் வந்த கமடோர் 64இன் சப்ளைக்குத் தனிக் கதை. உள்ளே பிசின் ஊற்றிக் கெட்டியாக மூடியிருப்பதால் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை. 5 வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் கெடும்போது வோல்டேஜ் ஏறிப்போகும், ரேம் (தற்காலிக நினைவக) ஐசிகள் பலியாகும். மீட்டரில் இன்று 5.1 காட்டுகிறது என்பது ஒரு உத்தரவாதமும் இல்லை. அரை மணி நேரம் சூடான பிறகு என்ன காட்டும் என்பதுதான் கேள்வி. பழையதை அலமாரியில் அழகுக்கு வைத்துவிட்டு நான் புதிய சப்ளைதான் பயன்படுத்துகிறேன்.

5 வோல்ட் லைனில் 4.75 முதல் 5.25 வரை சரி. அதற்கு மேல் போனால் போர்டில் மாட்டவே கூடாது. சும்மா அளப்பதும் போதாது, சுமை கொடுத்து அளக்க வேண்டும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்தால் 1 ஆம்பியர் இழுக்கும். அப்போதும் வோல்டேஜ் தாக்குப்பிடிக்கிறதா பாருங்கள். ரெசிஸ்டர் சுடும், விரலை வைக்காதீர்கள்.

மாட்டும் விதத்திலும் கண்ணி உண்டு. ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் பிளக்கில் நடு முனைதான் மைனஸ், பெரும்பாலான அடாப்டர்களுக்கு நேர் எதிர். ஐபிஎம் வகை ஏடி சப்ளையில் போர்டுக்குப் போகும் இரண்டு பிளக்குகளை இடம் மாற்றியும் சொருக முடியும். கறுப்பு வயர்கள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் சரி. ஓரத்துக்குப் போய்விட்டால் போர்டை மறந்துவிட வேண்டியதுதான்.

போர்டிலும் ஒரு அளவு பாக்கி. மின்சாரம் இல்லாத நிலையில் ஒவ்வொரு வோல்டேஜ் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம் அளங்கள். 1981இன் ஐபிஎம் பிசி 5150இலும், அடுத்து வந்த எக்ஸ்டியிலும் 12 வோல்ட் லைனில் இருக்கும் டாண்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆவது சகஜம். சுவிட்ச் போட்டால் ஃபேன் லேசாக அசைந்து நின்றுவிடும். சப்ளை தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கும். ஆனால் பழி சப்ளை மேல் விழும். ஓம் மீட்டர் ஓரிரண்டு ஓம் காட்டினால் அந்த லைனில் உள்ள துளி வடிவ டாண்டலங்களைத் தேடுங்கள். 16 வோல்ட் போட்டிருந்த இடத்தில் 25 அல்லது 35 வோல்ட் போடுங்கள். டாண்டலத்தில் கோடு போட்ட கால் ப்ளஸ். சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் நெருப்பு.

எல்லாக் கெப்பாசிட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்று என்ற உபதேசத்தை நான் ஏற்பதில்லை. 80களின் இறுதியிலிருந்து 90களின் முதல் பாதிவரை வந்த, போர்டின் மேலேயே ஒட்டியிருக்கும் சின்ன அலுமினிய எலக்ட்ரோலிட்டிக்குகள் ஒழுகியே தீரும். எஸ்இ/30, அமிகா 600, 1200 எல்லாம் இந்த ரகம், அவற்றில் மாற்றியே ஆக வேண்டும். ஆனால் 80களின் தொடக்கத்து மெஷின்களில் காலை நீட்டி நிற்கும் பெரியவை பெரும்பாலும் இன்றும் அளவில் சரியாக இருக்கின்றன. கெடாததைக் கழற்றினால் பேட் (காலைச் சால்டர் செய்யும் செம்புப் பொட்டு) பெயர்வதுதான் மிச்சம்.

திரை கறுப்பாகவே இருந்தால்

இப்போது சுவிட்ச் போடலாம். ஒன்றும் வரவில்லையா? நல்லது, இங்கேதான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே.

முதலில் ப்ராசஸர் எழுந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அதற்கு, ஒரு காலில் வோல்டேஜ் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் லாஜிக் ப்ரோப் போதும். ரீசெட் என்பது ப்ராசஸரை ஆரம்பத்திலிருந்து ஓட வைக்கும் சிக்னல், கிளாக் என்பது அதற்குத் தாளம் போடும் துடிப்பு. 6502 ப்ராசஸரில் ரீசெட் 40ஆவது கால், கிளாக் 37ஆவது. கமடோர் 64இன் 6510இல் ரீசெட் அதே 40, கிளாக் மட்டும் 1ஆவது கால். இசட்-80இல் ரீசெட் 26, கிளாக் 6. இவற்றில் சுவிட்ச் போட்டதும் ரீசெட் ஒரு கணம் கீழே இருந்துவிட்டு மேலே போய் நிற்க வேண்டும். 8088இல் ரீசெட் 21, கிளாக் 19; இங்கே தலைகீழ், மேலே இருந்துவிட்டுக் கீழே வர வேண்டும். ரீசெட் சிக்கிக்கொண்டால் ப்ராசஸர் மேல் குற்றமில்லை, ரீசெட் சர்க்யூட்டைத் தேடிப் போங்கள்.

ரீசெட்டும் கிளாக்கும் சரி என்றால் அடுத்து ரேம் இல்லை, ரோம் (அழியாத ப்ரோக்ராம் பதிந்த நினைவக ஐசி). ப்ராசஸர் கண் விழித்ததும் குறிப்பிட்ட ஒரு முகவரியைத்தான் படிக்கும். இசட்-80 என்றால் பூஜ்யத்திலிருந்து, 6502 என்றால் நினைவகத்தின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பைட்டுகளிலிருந்து. அங்கே இருப்பது ரோம். சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் ரோமின் கால்கள் கறுத்திருந்தால் படிப்பே நடக்காது. மெதுவாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நெம்பி எடுத்து, ஆல்கஹாலால் துடைத்துத் திரும்ப அழுத்துங்கள். இந்த ஒரு வேலையில் உயிர் வரும் மெஷின்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு அதிகம்.

அடுத்தது ரேம். கமடோர் 64இல் எட்டு 4164 ரேம் ஐசிகள். ஒவ்வொரு பைட்டிலும் ஆளுக்கு ஒரு பிட். ஒன்று செத்தால் 64 கேபியில் எல்லா பைட்டிலும் ஒரு பிட் ஊனம், மெஷினால் வணக்கம்கூடச் சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு ஒவ்வொன்றின் தலையிலும் விரலை மெதுவாக வையுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அதுதான். சுடவில்லை என்றால், மின்சாரத்தை அணைத்து, நல்ல ஐசி ஒன்றைச் சந்தேக ஐசியின் முதுகில் அதே திசையில் கவ்வ வைத்துப் போட்டுப் பாருங்கள். செத்த ஐசி வாய் மூடிக்கிடந்தால் மேலே இருப்பது பேசும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் இந்த வித்தை பலிக்காது. திரை வந்து, முதல் பக்கத்தில் 38911 பேசிக் பைட்டுகள் என்பதற்குப் பதில் குறைந்த எண் தெரிந்தால் அதுவும் ஒரு துப்பு: ரேமைச் சோதித்துக்கொண்டே போன ப்ரோக்ராம் அந்த இடத்தில் தடுக்கி நின்றிருக்கிறது.

ஸ்பெக்ட்ரமின் கீழ் 16 கேபியில் இருப்பவை 4116. உருவம் ஒன்றே என்று 4164ஐ அங்கே போட்டுவிடாதீர்கள். 4116இன் 8ஆவது காலில் 12 வோல்ட், 4164இன் 8ஆவது காலில் 5 வோல்ட். தவிர 4116க்கு 1ஆவது காலில் மைனஸ் 5 வேண்டும். அது வராமல் மற்ற இரண்டும் வந்தால் ஐசி செத்துவிடும். எனவே ஐசியை மாற்றுவதற்கு முன் மூன்று வோல்டேஜும் வருகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புதிதாகப் போட்டதும் பழையதன் வழியிலேயே போகும்.

ஐசி செத்தது உறுதி என்றால் முழுசாகக் கழற்றும் வீரம் வேண்டாம். கால்களை உடம்போடு ஒட்ட வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுங்கள். ஐசி இன்னொன்று கிடைக்கும், போர்டு கிடைக்காது. 63/37 ஈய சால்டர் 183 டிகிரியில் உருகும். அயர்னை 330 டிகிரி அளவில் வைத்து, விக் (பழைய சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) பிடிக்காத இடத்தில் புது சால்டர் கொஞ்சம் சேர்த்தால் பழையது இளகி வரும். அந்த இடத்தில் சாக்கெட் போடுங்கள்.

சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு, பொதுவான 74 வரிசை ஐசிகளால் ஆன மெஷின். 5150க்கு ஐபிஎம் சர்க்யூட் படத்தையும் பயாஸ் (மெஷினை எழுப்பும் ரோம் ப்ரோக்ராம்) வரிகளையும் புத்தகமாகவே வெளியிட்டது. ரிப்பேர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. கமடோரின் சவுண்ட் ஐசி, ஸ்பெக்ட்ரமின் யூஎல்ஏ மாதிரி, அந்த மெஷினுக்கென்றே செய்த ஐசிகள் செத்தால் அசல் உதிரி இன்னொரு போர்டிலிருந்துதான் வர வேண்டும்.

மஞ்சளான பெட்டியை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்க வைக்கிறார்கள். வெளுக்கும். திட்டுத் திட்டாகவும் வெளுக்கும், சில வருஷத்தில் திரும்ப மஞ்சளாகவும் ஆகும். நான் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கூட வந்த ஃப்ளாப்பிகளை மெஷினில் போடுவதற்கு முன் ஜன்னல் வழியே பரப்பைப் பாருங்கள். பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் போடக் கூடாது. ஓடும்போது கீச்சென்று சத்தம் வந்தால் உடனே வெளியே எடுத்து, ட்ரைவின் ஹெட்டை ஆல்கஹாலால் துடையுங்கள். துடைக்காவிட்டால் அடுத்த டிஸ்க்கையும் அந்த ஹெட் சுரண்டிவிடும். படிக்கும் டிஸ்க்கை முதலில் கிரீஸ்வீசல் மாதிரி ஒரு கருவியால் அப்படியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தப்பித் தவறி மேலே எழுதிவிடாமல் பூட்டியும் வையுங்கள்: 5.25 அங்குல டிஸ்க்கில் ஓரத்து வெட்டை ஒட்டி மூடினால் பூட்டு, 3.5 அங்குலத்தில் சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தால் பூட்டு.