கேண்டிடாவில் மறுசேர்க்கை வேகத்தைக் கணக்கிடுவது எப்படி?

கேண்டிடா அல்பிகன்ஸ் மனிதருக்கு நோய் தரும் ஒரு ஈஸ்ட் பூஞ்சை. அதற்கு எட்டு ஜோடி குரோமோசோம்கள். ஒன்றில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் முறிந்தால், ஜோடியைப் பார்த்து நகலெடுத்துப் பழுதைச் சரிசெய்துகொள்ளும். இதுதான் மறுசேர்க்கை. அந்த இடத்தில் இரு பிரதிகளுக்கும் இருந்த வேறுபாடு அத்தோடு போய்விடும். எர்க்11 மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தாங்கும் திரிபு இருந்தால், அது இரண்டு பிரதிகளிலும் வந்துவிடலாம். மருந்து மேலும் பலமிழக்கும். இதனால்தான் இந்த வேகத்தை அளப்பது முக்கியம்.

1. ஸ்ட்ரெயின்

கேல்1 மரபணுவின் ஒரு பிரதி நீக்கப்பட்ட ஸ்ட்ரெயின் (கேண்டிடாவின் குறிப்பிட்ட வகை) வேண்டும். கேல்1 உள்ள செல், 2-டிஆக்ஸிகேலக்டோஸை நச்சாக மாற்றித் தானே சாகும். மீதமிருந்த பிரதியையும் (உதாரணமாக, நீக்கப்பட்ட ஜோடியைப் பார்த்து நகலெடுத்து) இழந்த செல் பிழைத்துக் காலனியாகும்.

இதே வேலையை யூரா3 மரபணுவையும் 5-எஃப்ஓஏ என்ற வேதிப்பொருளையும் வைத்துச் செய்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். 5-எஃப்ஓஏ தானே கேண்டிடாவின் குரோமோசோம்களில் மாற்றத்தைத் தூண்டும் என்று 2005-லேயே காட்டிவிட்டார்கள். அளக்கும் கருவியே அளவை மாற்றக் கூடாது.

2. வளர்ப்பு

ஒய்பிடி (ஈஸ்டுக்கான சாதாரண வளர்ப்பூடகம்) தட்டில் தனித்தனிக் காலனி வரும்படி இழுத்து, 30 டிகிரியில் வளருங்கள். 37 வேண்டாம், இழை விட ஆரம்பித்துவிடும்.

பலரும் தடுமாறுவது அடுத்த இடத்தில். ஒரே ஓவர்நைட் கல்ச்சரைப் பத்துக் குழாயில் பிரித்து ஊற்றி, பத்து மாதிரி என்று எழுதுகிறார்கள். அது ஒரே மாதிரியைப் பத்து முறை எண்ணுவதுதான். ஒவ்வொரு கல்ச்சரும் தனிச் செல்லிலிருந்து வந்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரே அளவுள்ள காலனிகளை, ஒவ்வொன்றையும் முழுசாக, அகரோடு வெட்டி எடுத்துத் தண்ணீரில் கலக்குவது எனக்குப் பிடித்த வழி. காலனியில் பாதியைத் தொட்டு எடுத்தால் கணக்கு கோணலாகும்.

3. தட்டில் பரப்புதல்

நன்றாக நீர்த்தது ஒய்பிடி தட்டுக்கு. மொத்தச் செல் எண்ணிக்கை அதில் கிடைக்கும். நீர்க்காதது 0.1% 2-டிஆக்ஸிகேலக்டோஸும் 3% கிளிசராலும் உள்ள தட்டுக்கு. அதில் குளுக்கோஸ் கலக்காதீர்கள். கேல்1 அடங்கிவிடும், சாக வேண்டிய செல்லும் வளரும்.

4. கணக்கு

பெரும்பாலான தட்டுகளில் பத்து இருபது காலனி இருக்க, ஒன்றில் மட்டும் முந்நூறு வரும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அந்தக் கல்ச்சரில் மாற்றம் சீக்கிரமே நடந்து, அந்தச் செல்லின் வாரிசுகள் பெருகிவிட்டன, அவ்வளவுதான். லூரியாவும் டெல்புரூக்கும் 1943-ல் பாக்டீரியாவில் கண்டதும் இதே ஏற்றத்தாழ்வைத்தான். ஆகவே சராசரி எடுக்கக் கூடாது, அந்த ஒரு தட்டே விடையை மேலே இழுத்துவிடும். அதைக் கழித்துவிட்டுச் சராசரி எடுப்பதும் தப்பு.

செய்ய வேண்டியது, ஒரு கல்ச்சரில் எத்தனை மாற்ற நிகழ்வுகள் நடந்தன என்று மதிப்பிட்டு, அதை மொத்தச் செல் எண்ணிக்கையால் வகுப்பது. கையால் போட 1949-ல் வந்த லீ–கோல்சன் இடைநிலை முறை போதும். கணினி இருந்தால் ஆர் மொழியில் ஆர்-சால்வடார் என்ற நிரல். கல்ச்சரில் எத்தனை பங்கைத் தட்டில் பரப்பினீர்கள் என்பதையும் அதற்குச் சொல்லலாம். அந்தத் திருத்தம் இல்லாத கணக்கை நான் நம்புவதில்லை.

5. என்ன நடந்தது?

தட்டுக்கு ஒரு காலனி எடுத்து, கேல்1 இருக்கிறதா என்று பிசிஆர் செய்து பாருங்கள். கேல்1 இன்னும் இருந்தால் அது புள்ளித் திரிபு, மறுசேர்க்கை அல்ல. இல்லாவிட்டால், இருபுறமும் உள்ள எஸ்என்பிகளை (இரு பிரதிகளும் ஓர் எழுத்தில் வேறுபடும் இடங்களை) பாருங்கள். கேல்1 அருகில் மட்டும் வேறுபாடு போயிருந்தால் மரபணு மாற்றீடு. ஓரிடத்திலிருந்து குரோமோசோமின் நுனிவரை போயிருந்தால் குறுக்குமாற்றம், அல்லது முறிவிலிருந்து தொடங்கிய நகலெடுப்பு. முழுக்கப் போயிருந்தால் குரோமோசோமே தொலைந்திருக்கிறது.

சாதாரண நிலையில் எண் கிடைத்த பிறகு, ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுத்துப் பாருங்கள். பெராக்சைடு, வெப்பம், ஃப்ளூகோனசோல் மூன்றும் இந்த வேகத்தைக் கூட்டும் என்று ஃபோர்ஷே, பெர்மன் குழு 2011-ல் வெளியிட்டது.

பின்சேர்க்கை: மறுசேர்க்கைக்கு வேண்டிய ராட்52 மரபணுவை நீக்கிய ஸ்ட்ரெயினில் ஒய்பிடி எண்ணிக்கை ரொம்பக் குறைகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். டிஎன்ஏ பழுது சரியாகாத கேண்டிடா 30 டிகிரியிலும் நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்துச் செல் கொத்து ஒரே காலனியாகிவிடும். இந்த ஸ்ட்ரெயினில் செத்த செல்களும் அதிகம். பரப்புவதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டு பாருங்கள். கொத்து இருந்தால் லேசாக சோனிகேட் செய்து (ஒலி அலையால் பிரித்து), ஹீமோசைட்டோமீட்டரிலும் (மைக்ராஸ்கோப்பில் செல் எண்ண உதவும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டிலும்) எண்ணி, இரண்டு எண்களையும் குறித்துவையுங்கள்.