சுவரே தாங்கும் சமையல் மேடை: முதன்முறை பொருத்துபவர்களுக்கு

மூன்று பக்கமும் சுவர் இருக்கிற இடத்தில் மேடை போட, கீழே அலமாரியோ காலோ கட்டாயமில்லை. சுவரில் ரீப்பர் எனப்படும் ஒடுக்கமான நீளக் கட்டைகளைப் பொருத்தி, அவற்றின் மேல் பலகையை உட்கார வைக்கலாம். இங்கே நான் சொல்வது 40 மி.மீ. கனமுள்ள மரப்பலகைக்கு. அது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 28 கிலோ இருக்கும். 20 மி.மீ. கிரானைட் அதே பரப்புக்கு ஏறக்குறைய 54 கிலோ. அனுபவம் இல்லாமல் கல்லில் கை வைக்க வேண்டாம்.

கோடு போடுதல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் ரசமட்டத்தைச் சோதியுங்கள். சுவரில் வைத்துக் குமிழியைப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் இடம் வலமாகத் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு நின்ற இடத்திலேயே நின்றால் கருவி சரி.

மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து 90 செ.மீ. இருந்தால் பலருக்கும் வசதி. பலகையின் 4 செ.மீ. கழித்தால் 86, கட்டையின் மேல்விளிம்பு வர வேண்டியது அங்கேதான். தரை எங்கே அதிகம் மேடாக இருக்கிறதோ, அங்கிருந்து ஒரே ஒரு முறை அளந்து புள்ளி வையுங்கள். அப்புறம் டேப்பைத் தொடாதீர்கள். ஒவ்வொரு சுவருக்கும் தரையிலிருந்து தனித்தனியாக அளந்தால், தரையின் கோணல் அப்படியே மேடைக்கு ஏறிவிடும். ரசமட்டத்தை வைத்தே கோட்டை மூன்று சுவருக்கும் கொண்டுபோங்கள்.

கட்டை பொருத்துதல்

துளை போடுமுன் சுவருக்குள் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எந்த வழியாகப் போகின்றன என்று கண்டுபிடியுங்கள். சுவிட்சு, குழாய் ஆகியவற்றுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை வேண்டவே வேண்டாம்.

50 மி.மீ. உயரம், 25 மி.மீ. கனமுள்ள கட்டை எடுத்து, 30 செ.மீ.க்கு ஒரு திருகு போடுங்கள். திருகின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பூச்சு எதையும் தாங்காது. செங்கல்லுக்குள் 50 மி.மீ. போக வேண்டும். கட்டை 25, பூச்சு 15, செங்கல் 50 என்று கூட்டினால் 90 மி.மீ. திருகு தேவை. துளையில் தூசியை ஊதி எடுத்துவிட்டு, திருகைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகுங்கள். செங்கல் இல்லாமல் பலகை அடித்த தடுப்புச் சுவராக இருந்தால், உள்ளே இருக்கும் நிமிர்ந்த சட்டங்களில் மட்டுமே திருகு பிடிக்கட்டும்.

பக்கக் கட்டைகளை மேடையின் முன்விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளேயே நிறுத்துங்கள், வெளியே தெரியாது. நேரான நீளச் சட்டம் ஒன்றை இரண்டுக்கும் குறுக்கே வைத்து மட்டம் பாருங்கள். அகலம் 90 செ.மீ.க்கு மேல் போனால், முன்பக்கம் ஓர் இரும்பு ஆங்கிளைப் பக்கக் கட்டைகளோடு இணைத்துவிடுவது நல்லது. பின்சுவர்க் கட்டை மட்டும் முன்விளிம்பைத் தொய்யாமல் காப்பாற்றாது.

அளந்து வெட்டுதல்

எதிரெதிர்ச் சுவர்கள் இணையாக இருப்பது அபூர்வம். பின்னால், நடுவில், முன்னால் என மூன்று இடத்தில் அகலத்தை அளந்து பாருங்கள், எண்கள் மாறும். அதனால் அட்டையை வெட்டி ஒட்டி, அந்த இடத்துக்கு அச்சு எடுங்கள். மூலைகளில் அட்டை எங்கே முட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்துச் சீவிக்கொண்டே வாருங்கள். அச்சைப் பலகையில் வரையும்போது சுவரைத் தொடும் பக்கங்களில் ஒரு நூல், அதாவது 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். வெட்டிய விளிம்புகளுக்கு உடனே எண்ணெயோ வார்னிஷோ அடித்துவிடுங்கள்.

பலகையை இறக்குதல்

முன்பக்கம் குறுகலாக இருந்தால் பலகை நேராக உள்ளே போகாது. ஒரு முனையைத் தூக்கிச் சரித்து மேலிருந்து இறக்குங்கள். உட்கார்ந்ததும் எல் (L) வடிவக் கிளிப்புகளால் அடியிலிருந்து கட்டையோடு சேர்த்துப் பிடியுங்கள். மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். ஆகவே நீள்துளை உள்ள கிளிப்பாக வாங்குங்கள். பலகைக்குள் போகும் திருகு 30 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

கடைசியாகச் சுவர் ஓரத்து இடைவெளியைப் பூஞ்சை பிடிக்காத சிலிக்கானால் அடைத்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள்.