ஒரே நாளில் இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு: இருவருக்கான பயணச் செய்முறை

பெருவில் குஸ்கோ நகரத்தை மையமாக வைத்து, ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பும் எவர் கையிலும் ஐந்து பெயர்கள் இருக்கும்: பீசாக், சின்செரோ, மொராய், மராஸ், ஒயந்தாய்தம்போ. ஐந்தையும் ஒரே நாளில் அடைத்துக் காட்டும் சுற்றுலா வேன்களும் உண்டு. அதில் ஏறினால் வேன் ஜன்னலைத்தான் அதிக நேரம் பார்ப்பீர்கள். முதல் முடிவாக, பீசாக்கை விட்டுவிடுங்கள். அது பள்ளத்தாக்கின் கிழக்கே தனியாக ஒதுங்கி இருக்கிறது, இரண்டு மணி நேர நடையையும் கேட்கும். மீதி நான்கும் ஒரே வழியில் கோத்தாற்போல வரும். (மழைக்காலத்தில் இந்த முடிவு தலைகீழாகும். கடைசியில் சொல்லியிருக்கிறது.)

படி 1: எந்த நாளில் போவது

குஸ்கோவில் இறங்கிய மறுநாள் காலையே வேண்டாம். நகரம் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்செரோ இன்னும் மேலே, ஏறக்குறைய 3,760. மொராய் 3,500. ஒயந்தாய்தம்போதான் தாழ்வு, 2,800-க்குச் சற்றுக் கீழே. அதனால் இரண்டு இரவாவது குஸ்கோவில் தூங்கிய பிறகு, உயரமான இடத்தில் தொடங்கித் தாழ்ந்த இடத்தில் முடிக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கி, அங்கே உள்ள ஊர்களான உருபம்பாவிலோ ஒயந்தாய்தம்போவிலோ முதல் இரவுகளைக் கழிப்பது அதைவிட நல்ல வழி.

உயரத்தில் காற்று மெலிவதால் வரும் உயர நோய் ஆள் பார்த்து வருவதில்லை. தினமும் ஓடும் கணவர் வாந்தியோடு படுத்திருக்க, நடந்தே பழகாத மனைவி சுற்றி வருவது சாதாரணமாக நடக்கும். யாருக்கு முதலில் தலைவலி வருகிறதோ அவருடைய வேகம்தான் இருவருக்கும் வேகம். தலைவலியோடு தள்ளாட்டமோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்போ வந்தால் பயணத்தை நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். உயர நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சல்பா வகை மருந்துகள் ஒவ்வாமை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விடுதிகளில் தரும் கோக்கா இலைத் தேநீரை அங்கே தாராளமாகக் குடிக்கலாம். இலையையோ தேநீர்ப் பைகளையோ நினைவுப் பொருளாகப் பெட்டியில் வைக்காதீர்கள். இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கோக்கா இலை தடைசெய்யப்பட்டது.

படி 2: டிக்கெட் (பொறுமையாகப் படியுங்கள்)

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். இடத்துக்கு இடம் தனி டிக்கெட் கிடையாது. போலேத்தோ துரீஸ்திகோ என்ற கூட்டு டிக்கெட்டைத்தான் வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு இரண்டு வகை. முழு டிக்கெட் 130 சோல் (பெருவின் பணம்), 10 நாள், 16 இடங்கள். பகுதி டிக்கெட் 70 சோல். அதில் இடங்களைப் பிரித்து மூன்று சுற்றுகள் உண்டு, ஒரு டிக்கெட்டுக்கு ஒரு சுற்று. நமக்கு வேண்டியது மூன்றாம் சுற்று: பீசாக், ஒயந்தாய்தம்போ, சின்செரோ, மொராய். இரண்டு நாள் செல்லும்.

70 போதுமே என்று வாங்கிவிட்டு, மறுநாள் குஸ்கோவுக்கு மேலே இருக்கும் சாக்சைவாமான் கோட்டையைப் பார்க்க ஆசைப்பட்டால் அங்கே இன்னொரு 70. ஆக 140. முழு டிக்கெட்டே 130தான். பகுதி டிக்கெட்டைக் காட்டி, மிச்சப் பணத்தைக் கட்டி முழு டிக்கெட்டாக மாற்றிக்கொள்ள வழியில்லை. எனவே ஒரு சுற்றுக்கு மேல் பார்க்கும் எண்ணம் துளி இருந்தாலும் முழு டிக்கெட். இருவருக்கு 260 சோல்.

இருவருக்கும் தனித்தனி டிக்கெட். ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், கைமாற்ற முடியாது. நுழைவாயிலில் அந்த இடத்துக்கான கட்டத்தில் துளை போடுவார்கள். துளை விழுந்த இடத்துக்கு மறுபடி நுழைவு இல்லை. ஆகவே கழிவறை, தண்ணீர் எல்லாம் நுழைவதற்கு முன்பு.

பகுதி டிக்கெட் என்றால் முதல் நாள் மாலை குஸ்கோவில் வாங்காமல் காலையில் சின்செரோ வாயிலிலேயே ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். இரண்டு நாள் கணக்கில் ஒரு நாள் வீணாகாது.

மராஸ் உப்பளம் இந்த டிக்கெட்டில் சேராது. அது ஊர் மக்களின் சொத்து, கட்டணமும் அவர்களுக்கே. முன்பு 10 சோலாக இருந்தது, பிறகு 20 ஆனது. விலைகள் ஏறுமுகம்தான், ஆகவே கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். 100 சோல் நோட்டை நீட்டினால் கிராமத்தில் யாரிடமும் சில்லறை இருக்காது. 10, 20 நோட்டுகளை இருவரும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

படி 3: வண்டி

மொராய்க்கும் மராஸுக்கும் பொது வண்டி நேராகப் போகாது. கிளைச்சாலைப் பிரிவில் இறக்கிவிடும், அங்கிருந்து டாக்ஸி பிடிக்க வேண்டும். இரண்டு பேர் என்றால் காலையிலேயே குஸ்கோவில் ஒரு டாக்ஸியை நாள் வாடகைக்குப் பேசுவதே மேல். 200 முதல் 300 சோலுக்குள் படியும். குழுச் சுற்றுலா இதைவிட மலிவு, ஆனால் ஒயந்தாய்தம்போவில் ஒரு மணி நேரத்தில் விசில் ஊதிவிடுவார்கள்.

பேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. சொல்லும் விலை தலைக்கா, இருவருக்குமா? "போர் பெர்சோனா" என்றால் தலைக்கு. "போர் லோஸ் தோஸ்" என்றால் இருவருக்கும் சேர்த்து. இரண்டாவதைச் சொல்லவைத்து, தொகையைக் கைபேசியில் எண்ணாக அடித்துக் காட்டி, தலையாட்டியதும் ஏறுங்கள். நான்கு இடங்களின் பெயர், காத்திருக்கும் நேரம், எங்கே இறக்கிவிடுவது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பணம் கடைசியில்.

பெயரைப் படிக்கும் முறையும் முக்கியம். ஒயந்தாய்தம்போவை வரைபடத்தில் இரட்டை 'எல்' போட்டு எழுதியிருப்பார்கள். அதை 'ய' என்று சொன்னால்தான் ஓட்டுநருக்குப் புரியும்.

படி 4: சின்செரோ (7:45 – 9:30)

குஸ்கோவில் 7 மணிக்குக் கிளம்பினால் முக்கால் மணி நேரம். துபாக் இன்கா யுபான்கி என்ற மன்னரின் மாளிகை இருந்த இடம் இது. இன்காச் சுவர் கீழே, ஸ்பானியர் கட்டிய மாதா கோவில் மேலே. சுவரில் சரிவகமாக மாடக்குழிகள் இருக்கும். கோவிலுக்குள் படமெடுக்க விடமாட்டார்கள்.

இங்கே நேரம் கொடுக்க வேண்டியது நெசவுக்கு. பெண்கள் நடத்தும் பட்டறைகளில் செய்து காட்டுவார்கள். சாக்தா என்ற கிழங்கைத் துருவித் தண்ணீரில் போட்டால் பூந்திக்கொட்டைபோல நுரைக்கும், அதில் கம்பளியை அலசுவார்கள். சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பூசணம்போல ஒட்டியிருக்கும் கொச்சினீல் பூச்சியை உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஆரஞ்சு. சாயம் நிற்கத் தாது உப்பு சேர்ப்பார்கள். பிறகு இடுப்புத் தறி. ஊடை இழையை இறுக்கித் தட்டும் கருவி, லாமா என்ற மலை விலங்கின் எலும்பு.

(18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், இதே சிவப்புச் சாயத்துக்காகச் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். நல்ல சாயம் தரும் வகைப் பூச்சி வாய்க்காததால் எதிர்பார்த்த பலன் இல்லை.)

செய்முறை இலவசம், முடிந்ததும் கடை விரியும். வாங்குவதானால் நெய்தவரிடமே இங்கே வாங்குங்கள். சந்தையில் "பேபி அல்பாக்கா" என்று மலிவாக விற்கும் போர்வைகளில் நிறைய அக்ரிலிக் என்ற செயற்கை இழைக் கலப்பு. லாமாவின் இனமான அல்பாக்காவின் அசல் கம்பளி தொட்டதும் குளிர்ச்சியாகவும் கையில் கனமாகவும் இருக்கும். காய்கறியோ சோளமோ வாங்கினால் "யாபா" என்று கேட்டுப் பாருங்கள். நம்ம ஊர் கொசுறுதான், சிரித்துக்கொண்டே போடுவார்கள். நன்றிக்கு உள்ளூர் மொழியான கெச்சுவாவில் "சுல்பாய்கி".

பாரம்பரிய உடையில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் பெண்களைப் படமெடுத்தால் சில சோல் எதிர்பார்ப்பார்கள். இருவரில் ஒருவர் எடுத்துவிட்டு நழுவுவது அழகல்ல. முதலில் கேளுங்கள்.

படி 5: மொராய் (10:15 – 11:00)

தரையில் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்கு வட்ட வட்டமாக இறங்கும் படிவயல்கள். விளிம்பிலிருந்து அடிவரை வெப்பநிலை மாறுவதால் இது இன்காக்களின் பயிர்ச் சோதனைக் களம் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள். அது ஒரு கருத்து, முடிவான தீர்ப்பு அல்ல. கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகள், அடித்தளத்தில் தண்ணீர் தேங்காத வடிகால். அடிவரை இறங்க இப்போது அனுமதி இல்லை. முக்கால் மணி நேரம் தாராளம்.

படி 6: மராஸ் உப்பளம் (11:30 – 12:15)

தூத்துக்குடி உப்பளத்தைச் சம தரையிலிருந்து தூக்கி மலைச்சரிவில் சாய்த்து வைத்தாற்போல இருக்கும். மலைக்குள்ளிருந்து வரும் உப்பு ஊற்று ஒரு குறுகிய வாய்க்கால் வழியே 3,000-க்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பிரிகிறது. பாத்தியின் மடையைக் கல்லாலும் மண்ணாலும் அடைத்துத் திறந்து ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கை நிரப்பிக்கொள்ளும். வெயிலில் வற்ற வற்ற மறுபடி நிரப்பி, உப்புத் திடமாகப் படிந்த பிறகு இடித்து எடுப்பார்கள். மேலடுக்கில் வருவதுதான் விலை கூடிய உப்பு.

பாத்திகளுக்கு இடையே நடப்பது 2019-லேயே நிறுத்தப்பட்டது. பழைய படங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். வெள்ளைத் தரையிலிருந்து வெயில் திருப்பி அடிக்கும். தொப்பி, சன்ஸ்கிரீன், கறுப்புக் கண்ணாடி மூன்றும் இங்கே கட்டாயம்.

படி 7: சாப்பாடு (உருபம்பா, 1:00 – 2:00)

"மெனு தெல் தியா" என்ற அளவுச் சாப்பாடு போதும். சூப், முக்கிய உணவு, பானம் எல்லாம் சேர்ந்தது. சைவர்கள் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழி வரும். அவர்களுக்கு கார்னே என்றால் பெரும்பாலும் மாடு. "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" (இறைச்சி, கோழி, மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். கினுவா என்ற தானியச் சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் எலும்புச் சாறு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகமில்லாதது தெருவோரத்தில் கிடைக்கும் சோக்லோ கோன் கேசோ: பெரிய மணிச் சோளக்கதிரும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும்.

சிச்சாவில் இரண்டு வகை. ஊதா நிறத்தில் வரும் சிச்சா மொராதா குளிர்பானம். சிச்சா தெ ஹோரா புளித்த சோளக் கள். வீட்டு வாசலில் கழியின் நுனியில் சிவப்புத் துணியோ பிளாஸ்டிக்கோ கட்டியிருந்தால் உள்ளே இந்தக் கள் இருக்கிறது என்று பொருள். குடிக்கும்முன் சில துளிகளைப் பூமித்தாய் பாச்சமாமாவுக்குத் தரையில் விடுவது அங்கே வழக்கம்.

படி 8: ஒயந்தாய்தம்போ (2:45 – 5:00)

நாளின் பெரும்பங்கை இதற்காகத்தான் மிச்சம் பிடித்தோம். பீசாக் பக்கமிருந்து வரும் பேருந்துக் கூட்டம் மூன்றரைக்குமேல் கலையத் தொடங்கும். அதுவரை ஊருக்குள் நடங்கள். இன்காத் தெருக்களில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள், கல் வாய்க்கால்களில் இன்றும் தண்ணீர் ஓடுகிறது.

பிறகு படிவயல்கள் வழியே ஏற்றம். 20 படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குங்கள். உச்சியில், முடிவடையாத சூரியக் கோவிலின் ஆறு இளஞ்சிவப்புப் பாறைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே மெல்லிய கல் சீவல் செருகியிருப்பதைப் பாருங்கள். இந்தப் பாறைகள் எதிர்ப்பக்கத்து மலையில் இருக்கும் கச்சிக்காத்தா கல்குவாரியிலிருந்து உருபம்பா ஆற்றைக் கடந்து வந்தவை. வழியிலேயே கைவிடப்பட்டவற்றைச் 'சோர்ந்த கற்கள்' என்கிறார்கள். 1537-இல் இன்கா மன்னர் மான்கோ இன்கா, ஸ்பானியத் தளபதி எர்னாண்டோ பிசாரோவின் படையைத் துரத்தியது இந்தச் சரிவிலிருந்துதான். கீழே சமவெளியில் ஆற்று நீரைத் திருப்பிவிட்டுக் குதிரைகளைச் சேற்றில் சிக்கவைத்தார்கள்.

ஒருவருக்கு ஏற முடியவில்லையா? கீழேயே இளவரசியின் குளியல் என்ற கல் ஊற்று இருக்கிறது. ஒரே பாறையில் செதுக்கியது. ஏறி இறங்குபவர்கள் பலர் இதைப் பார்க்காமலேயே போய்விடுவார்கள். எதிர்மலை பின்குயுனாவின் தானியக் களஞ்சியங்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் பாதை செங்குத்து. இரண்டையும் ஒரே மாலையில் ஏற வேண்டாம்.

இரவு இங்கேயே தங்கி மறுநாள் இன்கா மலைநகரமான மாச்சு பிச்சுவுக்கு ரயிலேறுவது மிகச் சிறந்த திட்டம். குஸ்கோ திரும்புபவர்களுக்கு இரண்டு மணி நேரப் பயணம். பங்கு வேன் நிறைந்தால்தான் கிளம்பும். ஆறு மணிக்கு இருட்டிவிடும், அதற்குமுன் ஏறிவிடுங்கள்.

பின்சேர்ப்பு: மழைக்காலத்தில் போகலாமா என்று பலர் கேட்டதால்

டிசம்பர் முதல் மார்ச் வரை மராஸ் பாத்திகள் வெள்ளையாக இருக்காது. மழைநீர் கலந்து பழுப்பாகக் கிடக்கும், உப்பு எடுப்பும் இல்லை. மொராய்ப் பாதை சேறு. அந்த மாதங்களில் இரண்டையும் விட்டுவிட்டுப் பீசாக்கைச் சேருங்கள். அதே மூன்றாம் சுற்று டிக்கெட் போதும். குஸ்கோ, பீசாக், உருபம்பா, ஒயந்தாய்தம்போ என்று வழி மாறும், சின்செரோ இந்த வழியில் வராது. பீசாக்கில் ஊரிலிருந்து மேலே ஏறாதீர்கள். டாக்ஸியை மலைமேல் இருக்கும் வாயில்வரை விட்டு, இடிபாடுகள் வழியாகச் சந்தைக்கு இறங்கி நடங்கள். ஓட்டுநரைச் சந்தைச் சதுக்கத்தில் காத்திருக்கச் சொல்லுங்கள். ஈரக் கல்லில் ரப்பர் அடியுள்ள காலணி இல்லாமல் இறங்க வேண்டாம்.