யாழ்ப்பாணத்திலிருந்து திமிங்கிலம் பார்க்கச் செல்வது எப்படி: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

சென்ற ஆண்டு ஒரு மாலை பண்ணைப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது, என் தங்கையின் மகன் கடலைக் காட்டி, "மாமா, இந்தக் கடலிலை திமிங்கிலம் வருமோ?" என்று கேட்டான். வராது என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் ஏன் வராது என்பதை விளங்கிக்கொண்டவருக்குத்தான் எங்கே போனால் காணலாம் என்பதும் விளங்கும். யாழ்ப்பாணக் கடல் நீரேரியும் அதற்கப்பால் உள்ள பாக்கு நீரிணையும் மிகவும் ஆழங்குறைந்தவை. நீரிணையின் பெரும்பகுதியில் ஆழம் பத்துப் பதினைந்து மீற்றருக்குள் அடங்கிவிடும். இருபது மீற்றருக்கு மேல் நீளமான ஒரு நீலத்திமிங்கிலம் அங்கே தலைகீழாக நின்றால் வால் வெளியே தெரியும். நம் ஆழங்குறைந்த கடலுக்கு உரிய விலங்கு கடற்புல்லை மேயும் ஆவுளியா, அதாவது கடற்பசு. திமிங்கிலத்துக்கோ கரைக்குக் கிட்டவே ஆழம் வேண்டும். அந்த ஆழம் திருகோணமலையில் இருக்கிறது. மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, துறைமுக வாயிலைக் கடந்ததும் ஆயிரம் மீற்றருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. கோணேசர் கோயில் அமைந்துள்ள மலை உச்சியில் நின்றே சில நாள்களில் திமிங்கிலத்தின் மூச்சைக் காண முடிவது இதனால்தான்.

இனி, செய்ய வேண்டியவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன்.

படி 1: காலத்தையும் கரையையும் தெரிவுசெய்தல்

இலங்கையில் திமிங்கிலம் பார்க்கும் கரைகள் மூன்று. தெற்கே மிரிச, வடமேற்கே கற்பிட்டி, கிழக்கே திருகோணமலை. முதல் இரண்டுக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான காலம் பொருந்தும். திருகோணமலைக்கு மார்ச் முதல் ஓகஸ்ட் வரையான காலம் பொருந்தும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் காற்று. நம்மவர் வாடை என்று சொல்லும் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சோளகம் என்னும் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் தெற்கும் மேற்கும் கொந்தளிக்க, காற்று தரையைக் கடந்து வருவதால் கிழக்குக் கரையோரம் காலை வேளைகளில் தட்டையாகக் கிடக்கும். ஆனாலும் சோளகக் காலத்தில் முற்பகல் கழியும்போது தரைக்காற்று வலுப்பட்டுவிடும் என்பதை மறவாதீர்கள். கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் அக்காற்றை எதிர்த்துத்தான் சிறுபடகு திரும்பி வர வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து முதன்முறை செல்வோருக்கு மார்ச், ஏப்ரல் மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். வாடை ஓய்ந்து சோளகம் இன்னும் எழாத இடைவெளி அது.

படி 2: முதல் நாளே போய்ச் சேர்தல்

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 235 கிலோமீற்றர். இரவுப் பேருந்தில் புறப்பட்டு விடியற்காலையில் இறங்கி நேரே படகேறலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். நாங்களும் முதல்முறை அப்படித்தான் சென்றோம். உறக்கமில்லாத உடம்பு அலையைத் தாங்காது. எங்களில் இருவர் கடலில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் படுத்துவிட்டனர். முதல் நாள் பிற்பகலுக்குள் உப்புவெளிக்கோ நிலாவெளிக்கோ போய்ச் சேர்ந்து, மாலையில் படகோட்டியைச் சந்தித்துப் பேசி, நேரத்தோடு உறங்கிவிடுங்கள். படகு காலை ஐந்தரை மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் கரையை விட்டுப் புறப்பட வேண்டும்.

படி 3: படகையும் படகோட்டியையும் தெரிவுசெய்தல்

இங்கே கிடைப்பவை பெரும்பாலும் மீன்பிடிக்கும் பைபர் கிளாஸ் வள்ளங்களே. பின்புறம் ஓர் அவுட்போர்ட் மோட்டர், குறுக்கே சில பலகைகள், சிலவற்றில் மேலே ஒரு துணிக்கூரை. ஆறு பேருக்கு மேல் ஏற்றும் வள்ளத்தில் ஏறாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை "இருக்கு" என்று சொன்னால் போதாது. எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வார்ப்பூட்டுகள் பூட்டுகின்றனவா, சிறுவர்களுக்கு அளவானது உண்டா என்று போட்டுப் பாருங்கள். துடுப்பு இருக்கிறதா, கடலுக்குள் பழுதுபட்டால் கரையில் யாரை அழைப்பார்கள் என்பவற்றையும் கேளுங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கேள்வி உண்டு. "அண்ணை, திமிங்கிலத்தைக் கண்ட உடனை என்ன செய்வியள்?" என்று கேளுங்கள். "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறன், தொடலாம்" என்று ஒருவர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் செல்லுங்கள். "தூரத்திலை மோட்டரை நிப்பாட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பம்" என்று சொல்பவரே உங்களுக்கு உரியவர். கூலி சற்றுக் கூடினாலும் அவரோடு போவதுதான் நல்லது. பெரும்பாலும் அவர் பல ஆண்டுகள் தொழில் செய்த மீனவராக இருப்பார், நீரின் நிறத்தையும் பறவைகளின் போக்கையும் வாசிக்கத் தெரிந்தவராகவும் இருப்பார்.

படி 4: உடலையும் பையையும் ஆயத்தப்படுத்தல்

உங்கள் உடம்பு கடலைத் தாங்குமா என்று அறிய யாழ்ப்பாணத்தவருக்கு ஓர் எளிய வழி உண்டு. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் படகில் ஒருமுறை போய்வாருங்கள்; ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அதில் தலை சுற்றியவர், திருகோணமலைக்குப் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டு அதற்குரிய மாத்திரையை வாங்கிக்கொள்ள வேண்டும். மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே விழுங்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் விழுங்கினால் பெரும்பாலும் பயன் இராது. வெறும் வயிற்றோடும் போகக்கூடாது, எண்ணெய்ப் பலகாரத்தோடும் போகக்கூடாது. இரண்டு இடியப்பமோ ஒரு வாழைப்பழமோ போதும். தலை சுற்றினால் படகின் நடுப்பகுதியில் அமர்ந்து, தொலைவில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பாருங்கள்; கைப்பேசித் திரையைப் பார்க்காதீர்கள்.

நாடா வைத்த தொப்பி, நீளக்கை மேற்சட்டை, ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், நீர் புகாத பை ஆகியவை தேவை. தொலைநோக்கி கொண்டுசெல்வோர் ஏழு மடங்கு பெருக்குவதைத் தெரிவுசெய்யுங்கள். ஆடும் வள்ளத்தில் பத்து மடங்குக் கருவியில் காட்சி நில்லாது. வள்ளத்தில் கழிப்பறை இல்லை என்பதையும் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 5: பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

முதன்முறை செல்பவர் தேடுவது திமிங்கிலத்தின் உடலை. அனுபவமுள்ளவர் தேடுவது அதன் மூச்சை. உடல் நீருக்கு மேல் சில விநாடிகளே தெரியும். மூச்சோ வெண்புகை போல எழுந்து சற்று நின்று கலையும், கடல் அமைதியாக இருந்தால் சில கிலோமீற்றருக்கு அப்பாலும் தெரியும். ஆகவே கண்ணை நீரின் மேல் அலையவிடாமல் அடிவானக் கோட்டின் மீது வையுங்கள். வள்ளத்தின் முனையைப் பன்னிரண்டு மணி என்று கொண்டு, கடலைக் கடிகார முகம்போல் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, அடுத்தவர் மூன்றிலிருந்து ஆறு வரை என்று ஆளுக்கொரு பகுதியை எடுத்து, வெறுங்கண்ணால் மெதுவாக இடமிருந்து வலமாகத் துழாவ வேண்டும். மூச்சைக் கண்டவர் கையை நீட்டுவதோடு நில்லாமல் "இரண்டு மணிப் பக்கம்" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் கண் அங்கே விரைந்து சேரும். தொலைநோக்கியை எடுப்பது அதன் பிறகே.

கண்ட உடனே கைக்கடிகாரத்தைப் பாருங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். நீலத்திமிங்கிலம் மேலே வந்தால், பத்து இருபது விநாடிக்கு ஒரு மூச்சாகச் சில மூச்சுகள் விட்டு, பின்னர் முதுகை வளைத்து ஆழத்துக்குச் செல்லும். பத்து நிமிடங்களளவில் திரும்பவும் மேலே வரும். நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் அடுத்த மூச்சு எப்போது வரும் என்று ஏறத்தாழக் கணிக்கலாம். அது மூழ்கிய இடத்தில் நீரின் மேல், நல்லெண்ணெய் ஊற்றியதுபோல் வழவழப்பான வட்டம் ஒன்று தோன்றும். வால் நீரைத் தள்ளும்போது கீழிருந்து எழும் நீரோட்டம் சிற்றலைகளை அடக்கிவிடுவதால் உண்டாவது அது. வரிசையாகத் தோன்றும் அந்த வட்டங்கள் அது செல்லும் திசையைக் காட்டும்.

இரண்டாம் முறை நாங்கள் சென்றபோது படகோட்டி மோட்டரை நிறுத்திவிட்டார். பேச்சும் நின்றது. வள்ளத்தின் அடியில் நீர் தட்டும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பதினோராவது நிமிடத்தில், லொறி ஒன்றின் காற்றுப் பிரேக் விடுபடுவது போன்ற ஓசை எழுந்தது. திரும்பிப் பார்த்தால் பனை மட்டத்துக்கு வெண்மூச்சு. அதன் பின் சாம்பல் கலந்த நீல முதுகு, முடிவே இல்லாததுபோல் நீண்டு நீண்டு வழுக்கிச் சென்றது. கடைசியில்தான் அந்த மிகச் சிறிய முதுகுத்துடுப்பு வந்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது பழைய மீன் வாடை அடித்தது. மருமகன் என் கையைப் பிடித்திருந்தான். அதை நான் உணர்ந்ததே அது மூழ்கிய பிறகுதான்.

படி 6: எதைக் கண்டோம் என்று அறிதல்

மூச்சு நேராக, உயரமாக, ஒன்பது மீற்றர் வரையும் எழுந்தால் அது நீலத்திமிங்கிலமாக இருக்கும். மூச்சு தாழ்ந்து, புதர்போல் பரந்து, முன்புறமாக இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அது எண்ணெய்த்திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக அமைந்திருப்பதே காரணம். எண்ணெய்த்திமிங்கிலம் சுருங்கிய தோலோடு மரக்கட்டைபோல் மேலே மிதந்து கிடந்து மூச்செடுக்கும். பின்னர் வாலை நிமிர்த்தி மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரைகூட மேலே வராமல் இருக்கும். ஆகையால் அங்கேயே காத்திருப்பதா வேறிடம் செல்வதா என்று படகோட்டியோடு பேசி முடிவெடுங்கள். தலையின் மேல் மூன்று நீள்வரம்புகள் தெரிந்தால் அது பிரைட் திமிங்கிலம். அது பெரும்பாலும் வாலைக் காட்டாது. எம்பிக் குதித்து உடலையே அச்சாகக் கொண்டு சுழன்று விழுபவை சுழல் ஓங்கில்கள், அதாவது டொல்பின்கள். இவை கூட்டமாக வரும், சிறுவர்கள் ஆரவாரிப்பார்கள். விளக்கம் அதிகம் தேவையில்லை.

படி 7: தூரம் பேணுதல்

திமிங்கிலத்திலிருந்து குறைந்தது 100 மீற்றர் விலகி நிற்க வேண்டும். ஓர் உதைபந்தாட்ட மைதானத்தின் நீளம் என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். முன்னால் சென்று வழிமறிக்கவும் கூடாது, பின்னால் துரத்தவும் கூடாது. பக்கவாட்டில், அது செல்லும் வேகத்துக்கு மேற்படாமல், அதற்கு இணையாகச் சென்று நின்றுவிட வேண்டும். குட்டியோடு இருந்தால் இன்னும் விலகுங்கள். நீரில் இறங்காதீர்கள், உணவு எறியாதீர்கள். அது தானாகவே உங்களை நோக்கி வந்தால் மோட்டரை நிறுத்திவிட்டு அசையாமல் இருங்கள்.

எங்கள் முதற்பயணம் இங்கேதான் பிழையாய்ப் போனது. எட்டரை மணிக்கு மேல் புறப்பட்ட வள்ளம். தொலைவில் மூச்சு ஒன்று தெரிந்ததும் எங்கள் படகோட்டி முழு வேகத்தில் அதை நோக்கி விரைந்தார், வேறு மூன்று வள்ளங்களும் விரைந்தன. நாங்களும் "விடுங்கோ, விடுங்கோ" என்று அவரைத் தூண்டினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தத் திமிங்கிலம் மூச்சுகளைக்கூட முடிக்காமல் மூழ்கிவிட்டது. ஒரு மணி நேரம் நின்றும் அது திரும்ப வரவில்லை. மூச்செடுக்க வந்த உயிரை மூச்செடுக்க விடாமல் விரட்டினோம் என்ற எண்ணம் இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

இந்தக் கடலில் அவை பட்ட துன்பம் ஏற்கெனவே பெரிது. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்துமாக்கடலில் சட்டத்துக்குப் புறம்பாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. 1979இல் இந்துமாக்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பின், 1980களின் தொடக்கத்தில், 'டியூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத்திமிங்கிலங்களையும் எண்ணெய்த்திமிங்கிலங்களையும் கண்டு பதிவு செய்தார்கள். போர் வந்து அந்த ஆய்வை நிறுத்தியது. இன்று நாம் அச்சமின்றி அதே நீரில் செல்ல முடிகிறது என்பதை எண்ணும்போது, அந்த நூறு மீற்றர் எனக்குப் பெரிய தூரமாகத் தெரியவில்லை.

படி 8: கண்டதை எழுதிவைத்தல்

கரை திரும்பியதும், சோர்வு மேலிடுமுன், ஒரு கொப்பியில் திகதி, நேரம், கடலின் நிலை, இனம், எத்தனை, குட்டி இருந்ததா, ஒரு மூழ்குதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை நிமிடம் என்பவற்றை எழுதுங்கள். படம் எடுப்பவர்கள், மூழ்கும்போது நிமிரும் வாலின் பின்விளிம்பையும், நீலத்திமிங்கிலமாயின் முதுகுத்துடுப்பை அடுத்துள்ள புள்ளிக் கோலத்தையும் எடுக்க முயலுங்கள். மனிதருக்குக் கைரேகை போல இவை ஒவ்வொரு விலங்குக்கும் வேறுபடுவதால், அதே திமிங்கிலம் வேறோர் ஆண்டில் வேறொருவரின் படத்தில் தோன்றினால் ஆய்வாளர்களால் அதை அடையாளம் காண முடியும். மருமகன் தன் கொப்பியில் பதினொரு நிமிடம் என்று எழுதி, அதன் கீழ் அந்த முதுகைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறான். ஒரு பக்கம் போதாமல் அடுத்த பக்கத்துக்கும் கோடு நீண்டிருக்கிறது.